உள்ளூர் விடுமுறையும் ஒரு தோல் பையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரைச் சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகை ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்ததும், பிழைப்புக்காக மதுரைக்கு வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்களின் வீடுகளில் கிளம்பும் முதல் பேச்சு, கொடைக்கானல் போகலாமா, சொந்த ஊருக்கு ஒரு நடை போய் வரலாமா என்பதுதான். சுற்றுவட்டாரக் கிராமமெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வரும் நாளில், மதுரையில் குடியிருப்பவர்கள் பெட்டி கட்டுகிறோம். திருவிழா என்றால் கூட்டம், வெயில், போக்குவரத்து மாற்றம் என்றுதான் எங்களுக்கு அறிமுகமாகிறது. வேடிக்கை பார்ப்பதைத் தவிரப் புதிதாக வந்தவர்களுக்கு அதில் என்ன வேலை இருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. வேலை நிறையவே இருக்கிறது. இந்த ஊரின் பெருமையே, அந்த நாளில் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொள்வதில் இருக்கிறது. அதை விவரமாகச் சொல்லத்தான் இக்கடிதம்.

முதலில் விடுமுறைக் குழப்பம். பள்ளி, கல்லூரி, அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. ஆனால் வங்கி திறந்திருக்கிறது. இது செலாவணி முறிச் சட்டம் 1881-இன் கீழ் வரும் பொது விடுமுறை அல்ல. மாவட்ட அளவிலான உள்ளூர் விடுமுறை. அதனால் வங்கிகளை அது கட்டுப்படுத்தாது. கருவூலங்களும் அவசரப் பணிகளுக்காகக் குறைந்த ஆட்களோடு இயங்கும். ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாக்கப்படும். ஆட்சியரின் அறிவிப்பிலேயே அந்தத் தேதி இருக்கும். தனியார் நிறுவனங்கள் பலவற்றில் அன்று விடுப்பு கிடையாது. அழகர் காலை 6 மணியை ஒட்டி ஆற்றில் இறங்குகிறார் என்பதால், பலர் பார்த்துவிட்டு நேரே வேலைக்குப் போகிறார்கள். அதற்கு முதல் நாளே வண்டியை எங்கே நிறுத்துவது, எந்தப் பாலம் மூடப்படும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். காவல்துறையின் போக்குவரத்து மாற்ற அறிவிப்பை வெட்டி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது, இரண்டு திருவிழாக்களை ஒன்றாக நினைத்துக்கொள்வது. மீனாட்சி அம்மன் கோயிலில் கொடியேற்றத்தில் தொடங்கி பட்டாபிஷேகம், திக்கு விஜயம், திருக்கல்யாணம், மாசி வீதிகளில் தேரோட்டம் என்று நடப்பது ஒன்று. சுமார் 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அழகர்கோவிலில் இருந்து கள்ளழகர் புறப்பட்டு வந்து, சித்ரா பௌர்ணமியன்று வைகையில் இறங்கி, தேனூர் மண்டபத்தில் மண்டூக மகரிஷிக்குச் சாபவிமோசனம் தந்து, பூப்பல்லக்கு ஏறி மலைக்குத் திரும்புவது மற்றொன்று. கோயில் வேறு, நிர்வாகம் வேறு, நாள் கணக்கும் வேறு. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றி இரண்டையும் இணைத்தவர் திருமலை நாயக்கர் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு வண்டியூரோடு திரும்பிவிட்டார் என்ற கதை, இந்த இரண்டையும் முடிச்சுப்போட மக்கள் உண்டாக்கிக்கொண்டது. கணக்கு வேறாக இருப்பதால் இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2024-இல் கல்யாணம் ஏப்ரல் 21, அழகர் ஆற்றில் இறங்கியது ஏப்ரல் 23. 2025-இல் கல்யாணம் மே 8, அழகர் மே 12. போன ஆண்டுக் கணக்கை வைத்து இந்த ஆண்டுக்குப் பயணச்சீட்டு எடுத்து ஏமாறும் உறவினர்கள் நிறைய.

கூட்டத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் கோயிலுக்குள்ளேயே நடந்து முடிந்த விழா, 2022-இல் மறுபடி வீதிக்கு வந்தபோது, ஏப்ரல் 16 அதிகாலை வைகைக்கரை நெரிசலில் இரண்டு பேர் உயிரிழந்தார்கள். ஆற்றுப் படுகை அகலம்தான். ஆனால் அதற்குள் இறங்கவும் ஏறவும் இருக்கும் வழிகள் குறுகியவை. அழகர் ஏறிவரும் தங்கக் குதிரை ஆற்றில் கால் வைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காக எல்லாரும் ஒரே புள்ளிக்கு நெருக்குகிறார்கள். முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே ஏறுகிறார்கள். ஏறும்போதுதான் ஆபத்து. எனவே முதல் முறை வருபவர்கள், அதிலும் கைக்குழந்தை, வயதானவர்களோடு வருபவர்கள், ஆற்றுக்குப் போகாமல், முந்தின நாள் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் போகலாம். மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம் என்று அழகர்கோவில் சாலை முழுக்க, சுவாமி தங்கிப் பூஜை ஏற்கும் மண்டகப்படிகள். ஒவ்வொன்றிலும் அழகர் நின்று நின்று வருவார். பத்தடி தூரத்தில், நிதானமாக, முகம் தெரியப் பார்க்கலாம். ஆற்றங்கரையில் தலைகளுக்கு மேல் தெரியும் குடையை மட்டும் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இந்த மண்டகப்படிகள் பற்றி ஒரு வார்த்தை. வழி நெடுக நானூறுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு குடும்பம், ஒரு சமுதாயம், ஒரு சங்கம், ஒரு கடைத்தெரு என்று ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள் உண்டு. பரம்பரையாக வருபவை பல. புதிதாக வந்தவர்கள் போய் மண்டகப்படி கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். ஆனால் பந்தல் போடுவது முதல் இலை எடுப்பது வரை அங்கே ஆள் தேவைப்படுகிறது. பக்கத்து மண்டகப்படியில் ஒரு வாரம் முன்னதாகப் போய், "அண்ணே, நாங்களும் வர்றோம்" என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லும் ஊர் இது இல்லை.

இனி தோல் பை. அழகர் வேடமிட்டு, தலையில் உருமாலும் இடுப்பில் கச்சையும் கட்டி, விரதமிருந்து வருபவர்கள் சுவாமியின் மீது தண்ணீர் பீய்ச்சுவது நேர்த்திக்கடன். கோடை வெக்கையில் மலையிலிருந்து நடந்து வந்தவரைக் குளிர்விக்கும் உபசாரம். அதற்குரிய கருவி தோப்பறை என்ற ஆட்டுத்தோல் பை. பதப்படுத்திய தோலின் வாய்களை இறுக்கிக் கட்டி, ஒரு முனையில் சிறு குழாய் வைத்திருப்பார்கள். தண்ணீர் நிரப்பி, அக்குளில் இடுக்கி அழுத்தினால் நூல் போல ஒரு தாரை எழும்பி, உச்சியில் உடைந்து, தூறலாக விழும். வரண்ட தோலில் அப்படியே தண்ணீர் ஊற்றினால் மடிப்புகளில் வெடிக்கும், தையல் வழியே ஒழுகும். முதல் நாள் இரவே நனைத்து ஊறவைக்க வேண்டும். தோல் உப்பித் தையல் துளையை அடைத்துக்கொள்ளும். விழா முடிந்ததும் தண்ணீரை வடித்து, காற்றை ஊதி நிழலில் தொங்கவிட வேண்டும். வெயிலில் போட்டால் அப்பளமாகிவிடும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் அடுத்த ஆண்டு நாற்றம் தாங்காது. இவ்வளவு பாடு இருப்பதால்தான் சிலர் மருந்தடிக்கும் பம்பையும், மோட்டார் வைத்த பிரஷர் பம்பையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பம்பில் என்ன கெடுதல்? தோல் பையின் விசை மனிதக் கையின் விசை. தாரை மேலே போய்த் தன் வேகத்தை இழந்த பிறகே விழுகிறது. பம்பின் தாரை நேர்கோட்டில் பாய்கிறது. சுவாமிக்கு அருகில் நிற்கும் பட்டர்களின் கண்ணிலும் காதிலும் அடிக்கிறது. பல்லக்கைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகள் கண்ணை மூடினால் அடி தவறும். ஒரு ஆள் அடி தவறினால் மொத்தப் பாரமும் ஒரு பக்கம் சாயும். தார்ச்சாலையில் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினால் வெறுங்காலில் நடப்பவர்களுக்கு வழுக்கும். தண்ணீரில் வாசனைப் பொடியும் சாயமும் கலந்து அடிப்பதால் பட்டு கறைபடுகிறது, குதிரை வாகனத்தின் பொன்பூச்சு மங்குகிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024-இல் பிரஷர் பம்புக்குத் தடை சொல்லி, பாரம்பரியத் தோல் பையை மட்டுமே அனுமதித்தது இதனால்தான். ஆனால் உத்தரவு மட்டும் போதாது. நல்ல தோல் பை எங்கே கிடைக்கும் என்று கேட்டால் புதிதாக நேர்த்தி செலுத்துபவருக்குத் தெரிவதில்லை. பம்ப் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. செய்யும் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. பை செய்பவர்களுக்கு விழாவுக்கு ஒரு மாதம் முன்பே கோயில் பக்கமோ தல்லாகுளத்திலோ வாடகை இல்லாமல் இடம் கொடுத்தால், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்புகிறோம்.

பெண்கள் ஏந்தி வரும் சர்க்கரைச் செம்பையும் சொல்ல வேண்டும். சிறு செம்பில் நாட்டுச் சர்க்கரை நிரப்பி, வாயை வாழையிலையால் மூடி, மேலே சூடம் ஏற்றி, அழகருக்குக் காட்டிவிட்டுச் சர்க்கரையைச் சுற்றியிருப்பவர்களுக்குப் பகிர்வார்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் உள்ளங்கையில் சர்க்கரை வைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். மறுப்பது மரியாதை இல்லை. நீங்களே எடுத்துப் போவதானால் இலையை ஈரமாக்கிக் கட்டுங்கள், சூடத்தைச் சுவாமி நெருங்கியபின் ஏற்றுங்கள், செம்பை அடியில் பிடியுங்கள். முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு நெரிசலில் நின்றால் செம்பின் கழுத்து சுடும், முன்னால் நிற்பவரின் பாலியஸ்டர் சேலையில் பொறி விழும்.

எங்களைப் போன்றவர்கள் உடனடியாக எடுத்துக்கொள்ளக்கூடிய வேலை நீர்மோர்ப் பந்தல். குடியிருப்போர் சங்கங்கள் பல ஆசையாகத் தொடங்கி, பாதியில் தடுமாறுவதைப் பார்க்கிறோம். 50 லிட்டர் டிரம் ஒன்றுக்கு 10 லிட்டர் தயிர், 40 லிட்டர் குடிநீர், உப்பு 350 கிராம் அளவு, இஞ்சி கால் கிலோ, பச்சை மிளகாய் 150 கிராம், பெருங்காயம், கறிவேப்பிலை, கொத்துமல்லி. தயிரைத் தனியாகக் கடைந்த பிறகே தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டி கட்டியாக மிதக்கும். மிளகாயையும் இஞ்சியையும் அரைத்து வடிகட்டிய சாற்றை ஊற்றுங்கள். நறுக்கிப் போட்டால் அவசரத்தில் குடிக்கும் குழந்தைகளுக்குத் தொண்டையில் சிக்கும். அதிகாலை நான்கு மணிக்கே மொத்தத்தையும் கலக்கி வைத்தால் பத்து மணிக்குப் புளித்துப் போகும். தயிரைக் குளிர்ச்சியாக வைத்து, ஒரு டிரம் தீரத் தீர அடுத்ததைக் கலக்க வேண்டும். குளிர்ச்சிக்காக மீன் வண்டி ஐஸ் கட்டியை உடைத்துப் போடவே கூடாது. மோரோ அன்னதானமோ, கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற அறிவிப்பும் விழாவையொட்டி வருகிறது. கெடுபிடி என்று நினைக்காமல் செய்துவிடுங்கள்.

150 மில்லி வீதம் ஊற்றினால் ஒரு டிரம் 330 பேருக்கு வரும். மூன்று டிரம் என்றால் ஏறக்குறைய ஆயிரம் குவளை. அந்த ஆயிரமும் எங்கே போகும் என்று யோசிக்காமல்தான் பந்தல் போடுகிறோம். பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் தண்ணீர்ப் பாக்கெட்டும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. இருந்தும் வைகைக் கரையில் விழா மறுநாள் குவிந்து கிடப்பவை அவையே. தொன்னை வாங்கலாம். அல்லது எவர்சில்வர் டம்ளர் நூறு, கழுவ இரண்டு தொட்டி, இரண்டு ஆள். தொட்டியைப் பந்தலுக்கு அருகிலேயே வைத்து, குடித்துவிட்டு நகரச் சொன்னால் டம்ளர் திரும்பி வரும். தொன்னை என்றால் குப்பைத் தொட்டியைப் பந்தலை ஒட்டி வைக்காதீர்கள். மக்கள் நடந்துகொண்டே குடிக்கிறார்கள். காலியாவது இருபது முப்பது எட்டுத் தள்ளி. பந்தல் தொட்டி காலியாக இருக்க, முப்பதடி தள்ளிச் சாலை நிறைந்து கிடப்பது இதனால்தான். கூட்டம் நகரும் திசையில் முப்பதடியில் ஒன்று, அறுபதடியில் ஒன்று வையுங்கள். பந்தலையும் பிரதான சாலையில் நீட்டாமல் கிளைத்தெரு முனையில் போட்டால் சுவாமி வரும் வழி அடைபடாது.

மாவட்ட நிர்வாகத்துக்கும் மாநகராட்சிக்கும் எங்கள் வேண்டுகோள் இது. உள்ளூர் விடுமுறை அறிவிப்போடு ஒற்றைப் பக்கத் துண்டறிக்கை ஒன்றைப் புறநகர்க் குடியிருப்புகளுக்கும் கொண்டு சேருங்கள். எந்த நாளில் எங்கே பார்க்கலாம், எந்த வழியாக ஆற்றுக்குள் இறங்கி எந்த வழியாக ஏற வேண்டும், தோல் பை எங்கே கிடைக்கும், பந்தல் போட யாரிடம் பதிவு செய்வது என்ற நான்கு செய்திகள் போதும். விழா முடிந்த மறுநாள் காலை ஆழ்வார்புரம் முதல் வண்டியூர் வரை தூய்மைப் பணியாளர்கள் படும்பாடு கொஞ்சநஞ்சமில்லை. வார்டுக்கு இருபது பேர் வீதம் பெயர் கொடுத்து, கையுறையும் சாக்கும் எடுத்துக்கொண்டு அன்று மூன்று மணி நேரம் அவர்களோடு இறங்க எங்கள் குடியிருப்புகளில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். மண்டல அலுவலகத்தில் ஒரு பதிவேடு திறந்து வைத்தால், முதல் பெயர்களை நாங்களே எழுதுகிறோம்.

இப்படிக்கு,
வெளியூரிலிருந்து வந்து குடியேறிய வாசகர்கள்,
புதூர், மதுரை.