சித்திரக்குள்ளன் பொம்மை வாங்கியவர்களுக்கும் வாங்கப்போகிறவர்களுக்கும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தோட்டத்தில் வைக்கும் சித்திரக்குள்ளன் பொம்மையின் சிவப்புக் குல்லாயையும் வெள்ளைத் தாடியையும் பார்த்துவிட்டு, "இது கிறிஸ்துமஸ் தாத்தாதானே?" என்று கேட்பவர்கள் நிறைய. இல்லைங்க, இவர் சுரங்கக்காரர். கையில் மண்வெட்டியோ லாந்தர் விளக்கோ இருப்பது அதனால்தான்.

பூமிக்கடியில் குள்ளர்கள் புதையல் காக்கிறார்கள் என்பது ஜெர்மானியச் சுரங்க ஊர்களின் பழைய நம்பிக்கை. 'நோம்' என்ற பெயரில் இவர்களைப் பற்றி எழுதியவர் 16-ஆம் நூற்றாண்டு சுவிஸ் மருத்துவர் பாராசெல்சஸ். குள்ளர்கள் எல்லாரும் சாதுக்கள் அல்ல. ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளித் தாது என்று நம்பி உருக்கிய கல், வெள்ளி தராமல் ஆர்சனிக் நச்சுப் புகையைக் கக்கும். கோபோல்ட் என்னும் குட்டிச்சாத்தானின் வேலை என்று பழி போட்டார்கள். 1730-களில் சுவீடன் வேதியியலாளர் கியோர்க் பிராண்ட் அந்தக் கல்லில் இருப்பது தனி உலோகம் என்று காட்டினார். அதுதான் கோபால்ட்.

1847-இல் சர் சார்லஸ் ஐஷம் ஜெர்மனியின் நியூரெம்பர்க்கிலிருந்து 21 சுடுமண் குள்ளன் பொம்மைகளை இங்கிலாந்தில் உள்ள தன் லாம்போர்ட் மாளிகைக்குக் கொண்டுபோனார். மிஞ்சியது ஒன்றே ஒன்று; பெயர் 'லாம்பி'. 1870-களில் ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்துக் கிரேஃபென்ரோடாவில் கிரீபல், ஹைஸ்னர் பட்டறைகள் தொடங்கிய பிறகுதான் இவை வீட்டுக்கு வீடு வந்தன. ஆனாலும் லண்டன் செல்சி மலர்க் கண்காட்சி இவற்றை வழக்கமாக உள்ளே விடாது. நூற்றாண்டு விழா என்று 2013-இல் தடையைத் தளர்த்தினார்கள்.

இனி பராமரிப்பு. சுடுமண் பொம்மையின் உள்ளே வெறும் கூடு, காலியாக இருக்கும். களிமண் கூழைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சி ஓரத்தில் களிமண் படிந்ததும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். காதுக்குப் பின்னால் மெலிதாகத் தெரியும் கோடு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம். விரிசல் என்று பயப்பட வேண்டாம். அடியில் உள்ள ஓட்டை சூளையில் ஆவி வெளியேறுவதற்கு. தோட்டத்தில் உள்ளே சேரும் நீரும் அதன் வழியாகத்தான் வடியும்.

சிலர் அந்த ஓட்டையை அடைத்து, ஆடாமல் இருக்கட்டும் என்று சிமென்ட் வைத்துப் பூசிவிடுகிறார்கள். பெரும்பாலான புகார்கள் இங்கேதான் ஆரம்பம். ஈரம் வெளியேற வழியில்லாமல் பொம்மையின் சுவர் வழியாகக் கசிந்து, பெயின்ட்டைக் கொப்புளமாகத் தூக்கும். வெறும் மண்மேல் வைத்தாலும் ஈரம் அடியிலிருந்து ஏறும். இரண்டு செங்கல்லை ஒரு விரல் இடைவெளி விட்டுப் போட்டு, ஓட்டை அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி வையுங்கள்.

போர்வெல் தண்ணீர் தெளிக்கும் தோட்டத்தில் பொம்மையின் கால் பக்கம் வெள்ளையாக உப்பு பூக்கும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். பாத்ரூம் ஆசிட் வேண்டவே வேண்டாம். பெயின்ட்டோடு மண்ணையும் அரித்துவிடும்.

மறுபடி பெயின்ட் அடிப்பதாக இருந்தால் ஒரு வாரம் நிழலில் உலர்த்திய பிறகு, வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு கோட். எனாமல் பெயின்ட் பளபளவென்று இருக்கும்தான், ஆனால் உள்ளே துளி ஈரம் இருந்தாலும் தோல் தோலாக உரியும்.

குல்லாய் நுனி உடைந்தால் துண்டைத் தூக்கிப் போடாமல் கடைக்கு எடுத்து வாருங்கள். எபாக்சி பசை வைத்து ஒட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தார்