கம்பெனி எங்கே குடியிருக்கிறது?

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய விளம்பரத்தை இரண்டு தடவை படித்தேன். வெளிநாட்டில் உன் பெயரில் ஒரு கம்பெனி பதிவு செய்து தருகிறார்களாம், மூன்றே நாளில் முடிந்துவிடுமாம், வரி பூஜ்யமாம். அந்தப் பூஜ்யத்தை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வரி பூஜ்யம் என்கிற வரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது, பார்த்தாயா? கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் படிக்க முடிந்தது: வாடிக்கையாளர் தாம் வசிக்கும் நாட்டின் வரிச் சட்டத்தைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். முப்பது வருடம் ஆடிட்டர் ஆபீசில் கணக்கு எழுதியவளுக்கு அந்த வரிதான் கண்ணில் படும்.

கன்சல்டிங் பணம் உன் பெயரில் வராமல் கம்பெனி பெயரில் வந்தால், நீ இருக்கும் நாட்டில் வரி கட்ட வேண்டாம்தானே என்று கேட்டிருக்கிறாய். பெரும்பாலும் கட்டத்தான் வேண்டும்.

உன்னுடைய ஒரு நாளை எடுத்துக்கொள். வாடிக்கையாளரோடு கட்டணம் பேசுவது நீ. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது நீ. ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து வேலையை முடிப்பதும் நீ. மாதக் கடைசியில் இன்வாய்ஸ் அனுப்பிவிட்டு, பணம் வந்துவிட்டதா என்று போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதும் நீதான். பதிவான நாட்டில் கம்பெனிக்கு இருப்பது ஒரு முகவரி மட்டும். அதே முகவரியில் இன்னும் எத்தனையோ கம்பெனிகள் இருக்கும்.

அப்படியானால் கம்பெனி எங்கே குடியிருக்கிறது? இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது. டி பீர்ஸ் என்ற வைரக் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் பதிவானது. சுரங்கமும் அங்கே, தலைமை அலுவலகமும் அங்கே. ஆனால் பெரிய முடிவுகளை எடுத்த டைரக்டர்கள் கூடியது லண்டனில். 1906-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, கம்பெனி குடியிருப்பது பிரிட்டனில்தான், அங்கேயே வரி கட்டு என்று தீர்ப்பளித்தது. கம்பெனியால் சாப்பிடவோ தூங்கவோ முடியாது, ஆனால் குடித்தனம் நடத்தவும் தொழில் நடத்தவும் முடியும். அது எங்கே நடக்கிறது என்று பார்ப்போம் என்றார் தீர்ப்பு சொன்ன லோர்பர்ன் பிரபு. உன் கம்பெனியின் குடித்தனம் உன் மேசை மேல்தான் நடக்கிறது.

பதிவு எங்கே இருந்தாலும் நிர்வாகம் உண்மையில் எங்கே நடக்கிறது என்று பார்ப்பது இன்று பல நாடுகளின் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்கா மாதிரி சில நாடுகள் கம்பெனி பதிவான இடத்தை மட்டும் பார்க்கும். அங்கேயும் தப்ப முடியாது, வேறு கொக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளூர்வாசியின் கையில் இருக்கும் வெளிநாட்டுக் கம்பெனி சம்பாதிக்கும் சில வகை லாபத்தை, அவர் எடுக்காவிட்டாலும் அவருடைய வருமானமாகவே சேர்க்கும் சட்டத்தை 1962-இல் கொண்டுவந்ததே அமெரிக்காதான். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களில் அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. முழு வேலையும் நீ செய்து, கம்பெனி உனக்குக் கிள்ளிக் கொடுத்து மீதியை வைத்துக்கொண்டால், வெளியாள் ஒருவர் இந்தக் கூலிக்கு வேலை செய்வாரா என்றும் கேட்பார்கள்.

சரி, பணத்தை அங்கேயே விட்டுவைத்தால்? எங்கள் ஆபீசுக்கு ஒருவர் வந்தார், உன்னை மாதிரியே தனியாக ஆலோசனை வேலை செய்பவர். ஏமாற்றும் எண்ணமே இல்லாத மனுஷர். பணம் எல்லை தாண்டி வந்தால்தான் வரி என்று நம்பியிருந்தார். கம்பெனி கார்டின் ஐந்து வருட விவரத்தை வரி வரியாக அடித்துப் பார்த்தது நான்தான். குழந்தைக்கு சைக்கிள், பல் டாக்டர், வீட்டுக்கு சோபா. எல்லாவற்றையும் 'டைரக்டர் கடன்' என்று எழுதிவைத்திருந்தார். திருப்பிக் கட்டாத கடனுக்கு வரித்துறையில் வேறு பெயர், வருமானம். வரி, வட்டி, அதற்கு மேல் வெளிநாட்டுக் கணக்கைக் காட்டாததற்கு அபராதம். அந்த அபராதம் வரியை விடப் பெரிது.

வரித்துறைக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். வங்கியே சொன்னது. நீ வெளிநாட்டில் கணக்குத் திறக்கும்போது, எந்த நாட்டில் வரி கட்டுகிறாய், வரி எண் என்ன என்று ஒரு கட்டம் வரும். ஓஇசிடி என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு 2014-இல் வகுத்த ஏற்பாடு அது. 2017-இல் விவரம் அனுப்புவது தொடங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும், கணக்கு வைத்திருப்பவரின் சொந்த நாட்டுக்கு ஆண்டுதோறும் விவரம் அனுப்புகின்றன. அமெரிக்கா இதில் சேரவில்லை. உடனே எல்எல்சி என்கிற அமெரிக்கக் கம்பெனி வகைக்குத் தாவாதே. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மட்டும் வைத்திருக்கும் எல்எல்சி, அங்கே வரி இல்லாவிட்டாலும், பொதுவாக வருடம்தோறும் 5472 என்ற படிவம் கொடுக்க வேண்டும். மறந்தால் அபராதம் 25,000 டாலர்.

எஸ்டோனியாவின் இ-ரெசிடென்சி, அதாவது மின்-வசிப்புரிமை அட்டை பற்றியும் எழுதியிருந்தாய். 2014-இல் ஆரம்பித்த நல்ல திட்டம்தான், கம்பெனி நடத்த வசதியானது. ஆனால் அந்த அட்டை உன் வரிக்குரிய நாட்டை மாற்றாது, குடியேறும் உரிமையும் தராது. அதன் பெயர்தான் ஆளை மயக்குகிறது.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தேன். லாபம் 100 என்று வை. அங்கே கம்பெனி வரி 20 போனால் மீதி 80. அது பங்காதாயமாக, அதாவது டிவிடெண்டாக, உன்னிடம் வரும்போது நீ இருக்கும் நாட்டில் 30 சதவீதம், அதாவது 24. கையில் நிற்பது 56. உன் பெயரிலேயே வாங்கி 30 சதவீதம் கட்டியிருந்தால் 70. கம்பெனி கட்டிய அந்த 20-ஐத் தனிநபர் பங்குதாரருக்குப் பொதுவாகக் கழித்துத் தரமாட்டார்கள். பங்காதாயத்தில் பிடித்த வரியை மட்டும்தான், அதுவும் இரண்டு நாட்டுக்கும் இடையிலான வரி ஒப்பந்தம் அனுமதிக்கிற அளவுக்கு, கழிப்பார்கள். சதவீதங்கள் நாட்டுக்கு நாடு மாறும், கணக்குப் போடும் முறை இதுதான். அப்புறம் இரண்டு நாட்டிலும் கணக்காளருக்குச் சம்பளம், வருடாந்திரப் பதிவுக் கட்டணம்.

கம்பெனியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாளோடு ஒப்பந்தம் போட மாட்டோம் என்று பெரிய வாடிக்கையாளர் சொன்னால், வேறு நாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்தால், நஷ்டஈடு கேட்டு உன் சொத்து வரைக்கும் வருவார்கள் என்ற பயம் இருந்தால், ஆரம்பி. அதற்கும் உள்ளூர்க் கம்பெனியே போதுமா என்று முதலில் பார். நீயே அந்த நாட்டுக்குக் குடிபோவதானால் கதை வேறு. வருடத்தில் 183 நாள் வெளியே இருந்தால் போதும், வரி இல்லை என்று நண்பன் சொன்னதை மட்டும் நம்பிவிடாதே. நிலையான வீடு எங்கே, குடும்பம் எங்கே என்றும் பார்க்கிற நாடுகள் உண்டு.

இன்னும் பணம் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறாய், நல்லது. பாஸ்போர்ட்டை எடுத்து, போன வருடம் எந்த நாட்டில் எத்தனை நாள் என்று முத்திரை பார்த்து எண்ணி எழுது. உன் வாடிக்கையாளர்கள் யார், எந்த நாட்டவர், ஏற்கனவே யாராவது வரி பிடித்துக்கொண்டு கொடுக்கிறார்களா, அதையும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வெளிநாட்டு வருமானம் பார்க்கிற கணக்காளர் ஒருவரிடம் போ, விளம்பரக்காரரிடம் அல்ல. எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

உன் அம்மா