ஜூன் மாதக் கேள்விக்கு அக்டோபரில் பதில்

ஆஸ்டின், டெக்சஸ்
அக்டோபர் 12

அன்புள்ள நண்பா,

நலம். இங்கே அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் வழக்கம்போல் வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருக்கிறது. ஜூன் மாதத்தில் நீ கேட்டதற்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன் என்பதால் இதற்குள் என்னைத் திட்டித் தீர்த்திருப்பாய். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அல்ல. "பன்னிரண்டு வயதுப் பையனின் முதல் மான் வேட்டைக்கு .223 துப்பாக்கி போதுமா?" என்று நீ ஒரே வரியில் கேட்டுவிட்டாய். அதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டுமானால் சென்ற நவம்பரில் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

முதலில் உன் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நாம் என்.சி.சி. முகாமில் சுட்டதும் இருபத்திரண்டு (.22 அங்குல விட்டக் குண்டு), இதுவும் ஏறக்குறைய இருபத்திரண்டு, எனவே பையனுக்குப் பழகிய பொருளாகத்தான் இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். முகாமில் சுட்டதைப் பற்றிப் பேச உனக்கு எப்படி மனம் வந்தது? உன் ஐந்து தோட்டாக்களும் பக்கத்து இலக்கில் போய் விழுந்ததையும், ஐந்து தோட்டாவில் பத்து ஓட்டை போட்டவன் என்று பக்கத்தில் சுட்ட நம் தாடிக்காரன் ஒரு வருடம் முழுவதும் பெயர் வாங்கியதையும் நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தாயா?

விட்டம் ஒன்றுபோல இருப்பது உண்மைதான். ஆனால் முகாமில் நாம் சுட்ட ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் பற்றவைக்கும் சிறு ரகம்) குண்டு 40 கிரெயின், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். நொடிக்கு ஏறத்தாழ 1,200 அடி வேகத்தில் கிளம்பி 130 அடி-பவுண்டு ஆற்றலைத்தான் சுமந்து செல்லும். .223 ரெமிங்டனின் 55 கிரெயின் குண்டு எடையில் ஒரு கிராம்தான் கூடுதல். வேகமோ 3,200 அடிக்கு மேல், ஆற்றலோ ஏறக்குறைய 1,280 அடி-பவுண்டு, அதாவது பத்து மடங்கு. இதனால்தான் இங்கே டெக்சஸில் ரிம்ஃபயரால் மான் சுடுவது குற்றம்; .223 குற்றமல்ல. உன் மினசோட்டாவிலும் .22 சென்டர்ஃபயர் (அடியின் நடுவில் பற்றவைக்கும் ரகம்) முதல் அனுமதி உண்டு. தாடிக்காரன் குடியேறியிருக்கும் கொலராடோவில் குறைந்தது .24 காலிபரும் (குண்டின் விட்டம்) 70 கிரெயின் குண்டும் வேண்டும். வர்ஜீனியாவில் .23 என்று கோடு போட்டிருப்பதால் .223 மயிரிழையில் வெளியே நிற்கிறது. ஒரே மான் இனத்துக்கு மாநிலத்துக்கு ஒரு சட்டம் இருக்கிறது என்றால், இந்த வழக்கு தீராத வழக்கு என்பது உனக்கே விளங்கும்.

ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய கரமோஜோ பெல்லின் பெயரைச் சொல்லி என்னை மடக்கப் பார்த்திருக்கிறாய். அந்த மனிதர் ஏழு மில்லிமீட்டர்த் துப்பாக்கியால் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தியது உண்மை. ஆனால் அவர் செத்த யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். எலும்பைத் துளைத்துச் செல்லும் உடையாத குண்டை அந்த இடத்துக்கே அனுப்பத் தெரிந்தவர். 1953இல் ஆல்பர்ட்டாவில் பெல்லா ட்வின் என்ற கிரீ இனப் பெண்மணி, நம் முகாம் துப்பாக்கியைப் போன்ற ஒற்றைத் தோட்டா .22 ஒன்றால் பெரிய கிரிஸ்லி கரடியையே வீழ்த்தினார். அவர்கூடக் கரடி விழுந்த பிறகு, அது எழுந்துவிடக் கூடாது என்று அதன் தலையில் மேலும் பல தோட்டாக்களைச் செலுத்தினார் என்பதை இக்கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். இவர்களெல்லாம் சிறிய குண்டை நம்பி நின்றவர்கள் அல்லர். தங்கள் கையை நம்பி நின்றவர்கள். நீயும் நானும் அப்படிப்பட்டவர்களா?

இனி என் கதைக்கு வருகிறேன். லானோ கவுண்டியில் எனக்கு வேட்டையாட இடம் தரும் பண்ணைக்காரக் கிழவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். மெஸ்கீட் மரமும் (நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி, அதே முள், அதே பிடிவாதம்) சப்பாத்திக்கள்ளியும் கருங்கல்லும் மண்டிய நிலம் அது. பெரிய துப்பாக்கியின் ஸ்கோப் பழுதாகியிருந்ததால், கயோட்டிகளை (நரி போன்ற சிறு ஓநாய்களை) சுட வைத்திருந்த .223ஐ எடுத்துக்கொண்டு பரணில் ஏறினேன். உள்ளே இருந்தவையும் கயோட்டிக்கான தோட்டாக்களே. வேறு பெட்டி வாங்க முப்பது மைல் போக வேண்டும். எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட்டேன்.

மாலை ஐந்தரை மணிக்கு ஒரு பிணை மான் வந்தது. நூற்றிருபது கெஜம் இருக்கும். பக்கவாட்டில் நிற்காமல், முன்தோள் என்னை நோக்கியபடி சற்றுச் சாய்ந்து நின்றது. திரும்பும் வரை காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வெளிச்சம் போகிறதே என்ற அவசரத்தில் சுட்டேன். "டப்" என்று அடிபட்ட ஓசை தெளிவாகக் கேட்டது. மான் மூன்று காலில் ஓடி ஜூனிப்பர் புதருக்குள் மறைந்தது. அரை மணி நேரம் கழித்து இறங்கிப் போனால், முதல் பத்தடியில் ரத்தமும் ஒரு சிறு எலும்புச் சில்லும் கிடந்தன. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருக்கும். இது வெறும் சதை ரத்தம், கருஞ்சிவப்பு. நாற்பது எட்டுக்குப் பிறகு அதுவும் நின்றுவிட்டது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இரவு பதினொன்று வரை ஒவ்வொரு புல்லாகப் புரட்டினேன்.

காலையில் கிழவர் தன் நாயைக் கூட்டிவந்தார். நாய் அரை மைல் தள்ளி ஒரு ஓடைக்கரைக்கு எங்களை இழுத்துச் சென்றது. மணி எட்டு. மான் உயிரோடு படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழ முயன்றது; முன்கால் மடிந்தது. இரண்டாவது தோட்டாவை நான்தான் செலுத்தினேன். பதினான்கரை மணி நேரம், நண்பா.

தோலை உரித்தபோது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. ஆழம் இரண்டு விரற்கடை. தோள் எலும்பு நொறுங்கியிருந்தது. அதற்குக் கீழே விலா எலும்பில் ஒரு கீறல்கூட இல்லை. மெல்லிய செம்பு உறை போர்த்திய அந்தக் குண்டு, எலும்பில் பட்டதும் வெடித்துத் தூளாகியிருக்கிறது. கயோட்டிக்காகச் செய்யப்பட்ட குண்டின் வேலையே அதுதான். குண்டு தன் வேலையைச் சரியாகச் செய்தது. கிழவர் என்னைத் திட்டவில்லை. தோட்டாப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அட்டையில் அச்சிட்டிருந்ததை ஒருமுறை வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

டிசம்பரில் அதே துப்பாக்கியோடு மறுபடியும் போனேன். மனைவிக்கு இது விசித்திரமாகத் தோன்றியது. எனக்கோ தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இம்முறை ஈயமும் உறையும் பிரியாதபடி ஒட்டவைத்த 62 கிரெயின் குண்டு. எண்பது கெஜம், முழுப் பக்கவாட்டு, முன்காலுக்குச் சற்றுப் பின்னே. மான் நாற்பது எட்டு ஓடி விழுந்தது. இரு நுரையீரல்களையும் கடந்து, மறுபக்கத் தோலுக்கு அடியில் காளானைப் போல் விரிந்து குண்டு தங்கியிருந்தது. அதே குழல், ஏறக்குறைய அதே எடை. ஜான் நாஸ்லர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது அவர் கையில் இருந்தது .300 மேக்னம் என்ற பெரிய துப்பாக்கி, அதன் குண்டும் சேறு காய்ந்த தோளில் உடைந்து உள்ளே போகாமல் நின்றுவிட்டது. அதன் பிறகுதான் அவர் நடுவில் தடுப்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். காலிபரைப் பழித்துப் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் .223ஐயே வாங்கித் தரலாமே என்று நீ துள்ளுவாய். வேண்டாம். என் இரண்டாவது மான் நாற்பது கிலோ தேறினால் அதிகம். டுலூத்துக்கு வடக்கே உன் பையன் முன்னால் நூறு கிலோக் கடா வந்து நிற்கலாம். அது பக்கவாட்டில்தான் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. எல்லாம் சரியாக அமைந்தால் .223 போதும், ஏதாவது ஒன்று பிசகினால் அதனிடம் மிச்சம் இல்லை. முதல் மானைக் காணும் பையனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் வேகத்தில் ஏதாவது ஒன்று பிசகத்தான் செய்யும். நாற்பத்தேழு வயதில் எனக்கே பிசகியது.

சுடும்போது துப்பாக்கி தோளில் தரும் உதைக்கு அஞ்சுகிறாய், அது நியாயமான அச்சம். பெரிய .308ஐக் கொடுத்துத் தோளில் ஒரு குத்து வாங்கவைத்தால், அடுத்த தோட்டாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விசையை வெடுக்கென்று இழுப்பான். பிறகு எந்தக் காலிபரும் உதவாது. ஆகவே .243 வின்செஸ்டரை வாங்கு. 1955இலிருந்து இருக்கும் தோட்டா. 100 கிரெயின் குண்டு, ஏறக்குறைய 1,900 அடி-பவுண்டு, உதையோ .308இல் ஏறக்குறைய பாதி. கடையில் அதற்குப் பக்கத்திலேயே 58 கிரெயின் பெட்டியும் இருக்கும், அது கயோட்டிக்கானது. என்னைப் போல் அட்டையைப் படிக்காமல் எடுத்துவிடாதே. தூளாகும் குண்டின் ஈயத் துணுக்குகள் கறியிலும் கலக்கும். 2008இல் உங்கள் மாநிலத்திலேயே ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியை இதற்காக நிறுத்திவைத்தார்கள்.

உன் மச்சான் சும்மா தருகிறேன் என்ற பழைய .223ஐ மட்டும் தொடாதே. அதன் குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகளின் முறுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நீயே எழுதியிருக்கிறாய். மானுக்கு வேண்டிய கனமான, நீளமான குண்டுகள் அந்த மெதுவான முறுக்கில் நிலையாகச் சுழலாமல் பக்கவாட்டில் புரளும். சும்மா கிடைக்கும் பொருள் விஷயத்தில் உன் வரலாறு எனக்குத் தெரியும். அந்த மொபெட்டை நான் மறக்கவில்லை.

உறைக்குள் ஒரு சிறு பொட்டலம் வைத்திருக்கிறேன். அதில் தட்டையாய்க் கிழிந்திருப்பது நவம்பர்ப் பிணையின் தோளில் கிடைத்த செம்பு உறை; உருண்டையாய் விரிந்திருப்பது டிசம்பர்க் குண்டு. இரண்டையும் பையனின் உள்ளங்கையில் வைத்து, எது எங்கே கிடைத்தது என்பதை நான் எழுதியபடியே அவனிடம் சொல். மாமா செய்தது என்பதையும் மறைக்காதே. நவம்பர் முதல் வாரத்துக்கு இன்னும் மூன்று சனிக்கிழமைகள் இருக்கின்றன. நூறு கெஜத்தில் எத்தனை அங்குல வட்டத்துக்குள் அவன் சுடுகிறான் என்று அளந்து எனக்கு எழுது. அவனுடைய இலக்கைத்தான் அளக்க வேண்டும், பக்கத்து இலக்கை அல்ல.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்