பிடிவாரண்டும் போய்ச் சேராத சம்மனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாரண்ட் போட்டால் சம்பந்தப்பட்டவருக்கு ஏன் சொல்வதில்லை என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சொன்னால் ஆள் கம்பி நீட்டிவிடுவான் என்பதுதான் காரணம். கொலை, கொள்ளை வழக்குக்கு அது நியாயம். சட்டப்படி தகவல் சொல்ல வேண்டிய கட்டம் அதற்கு முன்னால் வரும் சம்மன், அதாவது கோர்ட்டுக்கு வரச் சொல்லும் அழைப்பாணை. எங்கள் பக்கம் கோட்டை விடுவது அங்கேதான்.

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் குறுவை பொய்த்தால் ஆம்பளைகள் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். வீட்டில் அம்மாவும் மனைவியும்தான் இருப்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, ஆள் இல்லாவிட்டால் குடும்பத்தில் வயது வந்த ஆணிடம்தான் சம்மனைக் கொடுக்கலாம் என்றது. மனைவி கையெழுத்துப் போட்டு வாங்க வழியில்லை. அடுத்தது, வீட்டில் ஒட்டுவது. 2018 கஜா புயலில் கூரையோடு கதவும் போன வீடுகளில் எதில் ஒட்டினார்களோ! ஒட்டியதாக எழுதி வந்ததை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால் சம்மன் சார்பு ஆனதாகவே, அதாவது ஆளிடம் சேர்ந்துவிட்டதாகவே கணக்கு. வாய்தாவுக்கு வராவிட்டால் வாரண்ட்.

எங்கள் தெருக்காரர் ஒருவர் தண்ணீர் கேட்டு மறியலில் உட்கார்ந்தார். கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயந்திரம் விட்டுவிட்டார்கள்; கேஸ் அதோடு போச்சு என்றிருந்தார். பல வருஷம் கழித்து, பாஸ்போர்ட் விசாரணைக்கு வரச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன். போனால் ஏட்டு நோட்டைப் புரட்டி, "உங்க மேல வாரண்ட் நிக்குதே" என்கிறார். பாஸ்போர்ட்டுக்குக் கூப்பிடக் கிடைத்த செல் நம்பர் வாரண்டுக்கு மட்டும் கிடைக்கவில்லை. வாரண்டுக்குக் காலாவதியும் கிடையாது. நீதிமன்றம் ரத்து செய்யும்வரை, அல்லது ஆள் பிடிபடும்வரை அப்படியே நிற்கும்.

பழைய நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அந்த 'ஆண்' என்ற நிபந்தனை இல்லை. குடும்பத்தில் வயது வந்த யாரும் சம்மனை வாங்கலாம். மாநில அரசு விதி வகுக்கும் முறையில் மின்னணு வழியிலும் அனுப்பலாம். இதே வசதியை ஜாமீனில் விடத்தக்க வாரண்டுக்கும் நீட்டினால் என்ன? பிடித்தாலும் ஜாமீன் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட வேண்டிய ஆள்தானே, அவரிடம் மறைத்து யாருக்கு லாபம்? ஒரு குறுஞ்செய்தி வந்தால் பாதிப் பேர் தாங்களே கோர்ட்டுக்கு வந்து நிற்பார்கள் என்பது என் எண்ணம்.

அதுவரை, பழைய மறியல் கேஸ், செக் கேஸ் இருப்பவர்கள் நீதிமன்ற வழக்கு விவரம் பார்க்கும் இ-கோர்ட்ஸ் செயலியில் தங்கள் பெயரைப் போட்டுத் தேடிப் பார்ப்பது நல்லது. இனிஷியலை மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், எழுத்துப்பிழை சகஜம். வாரண்ட் இருந்தால் வக்கீலோடு ஆஜராகி வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போடலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். 15100 என்ற சட்ட உதவி எண்ணிலும் பேசலாம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்