பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதிலிருந்து, பள்ளிக் கணினிகளை எல்லாம் மாற்றியாக வேண்டும் என்று ஒரு பேச்சு ஓடுகிறது; சாக்பீஸ் வாங்கவே கணக்குப் பார்க்கும் கடலூர்ப் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் அதற்கு எங்கே போகும்?

4 ஜிபி நினைவகம் உள்ள பழைய கணினியே போதும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் ஓடும், உரிமத்துக்கு ஒரு பைசா கிடையாது. கேள்வித்தாளுக்கும் மதிப்பெண் பட்டியலுக்கும் லிப்ரேஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் பல வருடமாக லினக்ஸில்தான் பாடம் நடத்துகின்றன.

நான் கணக்கு வாத்தியார், எனக்குப் பிடித்தது கோடும் வடிவமும் வரைந்து காட்டும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள். ஸ்லைடரை இழுக்க இழுக்கக் கோடு சாய்வதைப் பார்த்த பிள்ளைக்கு, சாய்வு மைனஸ் ஆனால் என்ன ஆகும் என்று நான் சொல்லவே வேண்டியதில்லை. அறிவியலுக்கு, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். திரையில் பேட்டரியின் இரு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் தீப்பிடிக்கும், வகுப்பே கத்தும்! இதற்கு இணையமும் வேண்டாம், பென் டிரைவில் கொண்டு போகலாம். தமிழிலும் பல உண்டு.

ஒரு தொல்லை, பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கேள்வித்தாள்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கன்னாபின்னாவென்று தெரியும். எல்லாக் கணினியிலும் தெரியும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் சரி.

மாவட்டக் கல்வி அலுவலகம் ஒரு சனிக்கிழமை அரை நாள் ஒதுக்கி, ஆசிரியர்களுக்கு இவற்றை நிறுவச் சொல்லித் தந்தால் நன்றாக இருக்கும்.

ஒரு கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்