ஹிஸ்டரி ஃபைல மட்டும் பாத்து பசங்க மேல பழி போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு காலேஜ் லேப்ல சர்வர் பாத்துக்கறேன். ஒரே லினக்ஸ் சர்வர்ல நூறு பசங்களுக்கு மேல லாகின் பண்ணுவாங்க, போன செமஸ்டர்ல ஒருநாள் காலைல ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஃபோல்டரையே காணோம், உடனே எல்லாரோட பாஷ் ஹிஸ்டரியையும், அதாவது அவங்கவங்க அடிச்ச கமாண்ட் ஏறுற ஃபைலையும், தொறந்தாங்க, ஒரு பையனோடதுல ஃபைல் அழிக்கிற ஆர்எம் கமாண்ட் இருந்துச்சு, அவ்ளோதான், அவன்தான்னு முடிவு கட்டி அப்பாவ கூட்டிட்டு வர சொல்லிட்டாங்க. அந்த வரில இருந்தது அவனோட சொந்த ஃபோல்டர் பேரு, அதக்கூட யாரும் முழுசா படிக்கல!

அடிச்ச கமாண்ட திரும்ப அடிக்காம இருக்கறதுக்காக வச்ச வசதிங்க இந்த ஹிஸ்டரி. நாமளா செட் பண்ணாட்டி நேரம்கூட பதியாது, பல சிஸ்டத்துல முன்னாடி ஒரு ஸ்பேஸ் விட்டு அடிச்சாலே அந்த கமாண்ட் ஏறாது, அதோட ஃபைலே அந்த யூசரோடது, அவரே வரிய அழிக்கலாம், புதுசா எழுதவும் செய்யலாம். இத வச்சு ஒரு பையன திருடன் மாதிரி நிக்க வைக்கலாமா?

நல்லவேளை எங்க சர்வர்ல ப்ராசஸ் அக்கவுன்டிங் ஆன்ல இருந்துச்சு. அது சிஸ்டத்தோட மையமான கெர்னலே எழுதுற கணக்கு, ஒவ்வொரு ப்ராசஸ், அதாவது ஓடுற ப்ரோக்ராம், முடியும்போதும் கமாண்ட் பேரு, யூசர், எந்த டெர்மினல்ல இருந்து அடிச்சாங்க, நேரம் எல்லாம் ஏறிடும், சாதா யூசர் கைவைக்க முடியாது. அந்த கணக்க காட்டுற லாஸ்ட்காம் கமாண்ட் போட்டு பாத்தேன். அன்னைக்கு ராத்திரி அந்த பையன் பேர்ல ஒரு ஆர்எம் கூட இல்ல, இருந்தது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுன்ட் பேர்ல, டெர்மினலே இல்லாம, விடியகாலை 2 மணிக்கு. எந்த ஃபைல்னு லாஸ்ட்காம் சொல்லாது, அதனால குறிச்ச நேரத்துல தானா ஓடுற க்ரான் ஜாப் ஒவ்வொண்ணா படிச்சேன், பழைய ஃபைல க்ளீன் பண்ற ஸ்க்ரிப்ட்ல ஃபோல்டர் பாத் தப்பா இருந்துச்சு. பையன்கிட்ட இன்னும் யாரும் சாரி கேக்கல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

கம்ப்யூட்டர் நேரத்துக்கு காசு வாங்குன காலத்து பழக்கம்தான் இந்த மாதிரி யார் எவ்ளோ ஓட்டுனாங்கன்னு எழுதுற கணக்கு. 1986ல அமெரிக்காவுல லாரன்ஸ் பெர்க்லி லேப்ல அந்த கணக்குல வெறும் 75 சென்ட் இடிக்குதுன்னு அங்க சிஸ்டம் பாத்துக்கிட்டிருந்த கிளிஃபோர்ட் ஸ்டோல் தோண்டப்போய்தான் மேற்கு ஜெர்மனில இருந்து உள்ள வந்துட்டிருந்த ஹேக்கர் மாட்டினான்.

காலேஜ்காரங்க தயவுசெஞ்சு இந்த ப்ராசஸ் அக்கவுன்டிங்க ஆன் பண்ணி வைங்க, உபுன்டுல ஆக்ட், ரெட் ஹேட்ல பிஎஸ்ஆக்ட்னு பேக்கேஜ் இருக்கு, முழு கமாண்டும் வேணும்னா ஆடிட்டி (auditd) இருக்கு. ரூட் பாஸ்வேர்ட பத்து பேர் வச்சுக்காம ஆளுக்கொரு லாகின், தேவைப்படறப்ப மட்டும் ரூட் அதிகாரம் தர்ற சூடோன்னு குடுங்க. பசங்க ஹிஸ்டரிய எல்லார் முன்னாடியும் தொறக்காதீங்க, சிலர் தெரியாம கமாண்டோட பாஸ்வேர்டையும் சேத்து அடிச்சிருப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு லேப் அட்மின்