ஓஆர்எஸ் கேட்டால் ஓஆர்எஸ் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மருந்துக் கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். விவகாரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஓஆர்எஸ் என்பது வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு–சர்க்கரைப் பொடி. இனிப்புப் பானங்களின் மேல் அந்தப் பெயரைப் போடக் கூடாதென 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பெட்டியில் பெயர் போனது, சரி. கடையில் பழக்கம் போகவில்லையே! போன வாரம் எங்கள் தெருப் பாட்டி ஒருவர், வயிற்றுப்போக்கில் துவண்டு கிடந்த பேரனுக்கு ஓஆர்எஸ் கேட்டிருக்கிறார். கடைப் பையன் ஆப்பிள் படம் போட்ட பெட்டியை நீட்டி, "இதுவும் அதேதான் பாட்டி, புள்ள அடம் பண்ணாம குடிக்கும்" என்றானாம்.

அதே இல்லை ஐயா. 1971இல் வங்கதேசப் போருக்குத் தப்பி வந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, மேற்கு வங்க எல்லையோரப் பன்காவ் மருத்துவமனையில் இருந்தவை இரண்டு அறைகள், பதினாறு கட்டில்கள். மற்றவர்கள் தரையில். வாந்தியும் பேதியும் தேங்கிய அந்தத் தரையில் முழங்காலிட்டுத்தான் நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. சலைன் புட்டிகளோ தீர்ந்துகொண்டே வந்தன.

அங்கே சிகிச்சை அளித்த டாக்டர் திலீப் மகாலனபிஸ் அப்போது ஒரு முடிவெடுத்தார்: வாயாலேயே ஓஆர்எஸ் கரைசலைக் கொடுப்பது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் எடை போட்டுப் பொட்டலம் கட்டி வந்தது. பீப்பாயில் கரைத்து வைத்தார்கள். அம்மாக்களும் அண்ணன் தம்பிகளும் குவளையில் பிடித்துப் புகட்டினார்கள். முகாமில் முதலில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த நிலை மாறி, அவர் குழு கவனித்தவர்களில் இறப்பு 3.6 விழுக்காட்டுக்கு இறங்கியது.

அளவாகச் சேர்ந்தால் குளுக்கோஸ் உப்பையும், கூடவே தண்ணீரையும் குடலிலிருந்து உடம்புக்குள் இழுத்துக்கொடுக்கும். சர்க்கரை மிஞ்சினால் உடம்பிலிருக்கும் தண்ணீரே குடலுக்கு இறங்கும், பேதி கூடும். அந்த அளவுதான் மருந்து. ஆகவே, ஓஆர்எஸ் கேட்டால் ஓஆர்எஸ் கொடுங்கள்.

பொட்டலத்தில் லாபம் சொற்பம் என்பது புரிகிறது. அகதி முகாமில் ஆப்பிள் சுவை கிடைக்காத குறையை அரை நூற்றாண்டு கழித்து நீங்களாவது தீர்த்துவைத்தீர்களே, நன்றி! உங்களை மட்டும் சொல்லி என்ன? வாயால் குடிக்க முடிகிறவரையும் படுக்கவைத்து "ரெண்டு பாட்டில் ஏத்திடலாம்" என்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். மகாலனபிஸுக்கு 2023இல் பத்ம விபூஷண் கொடுத்தோம், அவர் இறந்த பிறகு. அவர் கண்ட வழியை மட்டும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டோம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது சிறிய விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி என்று அச்சிட்ட பொட்டலத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர், சின்னதற்கு 200 மில்லி தண்ணீர், பாதி பாதியாகக் கரைக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கடைப் பையனுக்கும் தயவுசெய்து இதைச் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவர்